கம்பியில் தொங்குவது யார் மானம்?

முழங்கையை மடக்கிக் கம்பியைப் பிடிக்க வேண்டும். முகவாய் கம்பிக்கு மேலே நிற்க வேண்டும். கால் எங்கும் ஊன்றக் கூடாது. ஆசிரியர் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். முகவாய் கம்பிக்குக் கீழே இறங்கியதும் நிறுத்துவார். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண் பிள்ளைகளுக்கு வைத்த சோதனை இது. பல பிள்ளைகளுக்கு ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்குமுன்பே முடிந்துவிடும். தோள் நடுங்கும், கை வழுக்கும், கால் தரையைத் தொட்டுவிடும். வகுப்பு மொத்தமும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் அட்டையில் ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, "அடுத்தது யார்?" என்பார்.

அந்தப் பூஜ்யம் யாருக்குச் சேர வேண்டியது? பத்து வயதுப் பிள்ளைக்கா?

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2012-13 கல்வியாண்டோடு ஒபாமா அரசு மூட்டை கட்டி வைத்த, இந்தக் கம்பிச் சோதனையும் அடங்கிய 'குடியரசுத் தலைவர் உடற்தகுதித் தேர்வை' மீண்டும் கொண்டுவர, 2025 ஜூலை 31 அன்று டிரம்ப் ஆணையில் கையெழுத்துப் போட்டார். பின்னால் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் நின்றார்கள். பிள்ளைகளின் உடல்நிலை கெட்டால் பொருளாதாரம் கெடும், ராணுவத்தின் தயார்நிலை கெடும், தேசத்தின் மனவுறுதி கெடும் என்கிறது ஆணை. பிள்ளைக்கு முதுகு வலிக்கும், மூச்சு வாங்கும், விளையாட முடியாமல் ஏங்கும் என்பதெல்லாம் அந்தக் கவலைக்கு முன்னால் சின்ன விஷயம் போலிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலை அளப்பதற்கு நான் எதிரி அல்ல. அளக்காமல் அறிவியல் இல்லை. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதைவிடத் தெர்மாமீட்டர் மேல். ஆனால் காய்ச்சல் 103 என்று தெரிந்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்? மருந்து கொடுப்பீர்களா, இல்லை பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்தி "இதோ 103!" என்று கூவுவீர்களா?

இந்தத் தேர்வு எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவர் இருந்தார். முதுகுவலி நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, சோனியா வெபர் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து ஆறே ஆறு எளிய அசைவுகளைக் கொண்ட ஒரு சோதனையை வகுத்திருந்தார். முட்டியை மடக்காமல் குனிந்து தரையைத் தொடுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது, அந்த ரகம். ஆறில் ஒன்று தவறினாலும் தோல்விதான். அதை அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து பிள்ளைகளுக்கும் வைத்துப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் 8.7 சதவீதம் பேர் தவறினார்கள், அமெரிக்காவில் 57.9 சதவீதம். போரில் வென்ற நாடு, பணத்தில் புரளும் நாடு. அதன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் தோல்வி. செய்தி அப்போதைய குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரின் காதுக்குப் போனது. 1956 ஜூலையில் இளைஞர் உடற்தகுதிக்கென்று ஒரு மன்றமே அமைத்துவிட்டார். அதன் வழியாகத்தான் இந்தத் தேர்வு பள்ளிகளுக்கு வந்தது.

கிராஸ் சொன்ன காரணம் என்ன தெரியுமா? பிள்ளைகள் சோம்பேறிகள் என்று அவர் சொல்லவில்லை. நடந்து போக வேண்டிய தூரத்துக்கு பஸ் வந்துவிட்டது, ஏற வேண்டிய மாடிக்கு லிஃப்ட் வந்துவிட்டது, இயந்திரம் மலிந்த வாழ்க்கை உடலின் அசைவைத் திருடிவிட்டது என்றார். மருத்துவர் நோயைக் கண்டது ஊரில். அரசு ஊசி குத்தியது பிள்ளைக்கு. நகரத்தைக் கட்டியவன், சாலையைக் காருக்கு எழுதிக் கொடுத்தவன், விளையாட்டுத் திடலைச் சுருக்கியவன் எவனையும் யாரும் கம்பியில் தொங்கச் சொல்லவில்லை.

பிறகு பரிசு வந்தது. 1966இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் காலத்தில் 'குடியரசுத் தலைவர் விருது' அறிமுகமானது. எல்லாச் சோதனையிலும் 85ஆவது சதமானத்தைத் தொட வேண்டும், அதாவது சம வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரை முந்த வேண்டும். அதுவும் ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும். கடைசி ஆண்டுகளில் இருந்த அட்டவணைப்படி 13 வயதுப் பையன் புல்-அப்பில் ஏழு முறை கம்பியில் எழும்ப வேண்டும், ஒரு மைலை 6 நிமிடம் 50 விநாடிக்குள் ஓட வேண்டும். நல்ல ஓட்டக்காரனுக்கே நாக்குத் தள்ளும். விருதின் அமைப்பிலேயே பெரும்பான்மையைத் தோற்கடிக்கத் திட்டம் போட்டுவிட்டு, பெரும்பான்மை தோற்றதும் "ஐயோ, தேசம் தளர்ந்துவிட்டதே" என்று அலறினால், அது ஆரோக்கியத்தின் மேல் உள்ள அக்கறையா? திறமைசாலியைப் பொறுக்கி எடுக்கும் சல்லடைக்கு உடல்நலம் என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். பின்னாளில் நடுத்தரத்துக்கு ஒரு பட்டை, கலந்துகொண்டதற்கு ஒரு பட்டை என்று சேர்த்தார்கள். கலந்துகொண்டதற்கான பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டால், யார் தோற்றவர் என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும் என்பது எந்த அதிகாரிக்கும் உறைக்கவில்லை.

அளவுகோலின் லட்சணத்தையும் பார்ப்போம். 1985இல் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பெண் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களால் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை. பாதிப் பேருக்குப் பூஜ்யம் காட்டும் தராசை எந்த மளிகைக் கடைக்காரராவது கடையில் வைத்திருப்பாரா? அந்தப் பூஜ்யங்களுக்குள் தினம் கயிறாட்டம் ஆடும் பிள்ளையும் இருக்கிறாள், படுக்கையை விட்டு எழ முடியாதவளும் இருக்கிறாள். இருவரையும் வேறுபடுத்திக் காட்ட முடியாத ஒன்றை அளவீடு என்று எப்படிச் சொல்வது? அதே 1985இன் அட்டவணையை வைத்துக்கொண்டுதான் 2012-13 வரை பிள்ளைகளுக்கு மதிப்புப் போட்டார்கள்.

இன்னொன்று. புல்-அப் என்பது தன் எடையைத் தானே தூக்குவது. எடை கூடிய பிள்ளைக்குச் சுமையும் கூடுதல். பன்னிரண்டு வயதில் ஒருவன் மீசை அரும்பி நிற்பான், பக்கத்தில் நிற்பவனுக்குப் பால்முகம் மாறியிருக்காது. பிறந்த தேதி ஒன்றாக இருந்தாலும் உடலின் வயது வேறு. உட்கார்ந்து காலை நீட்டிப் பாதத்தைத் தொடும் சோதனையில் கை நீளமும் கால் நீளமும் முடிவை மாற்றும். இதில் எதையாவது பிள்ளை தேர்ந்தெடுத்ததா?

இங்கேதான் நம் பழைய வியாதி தலைகாட்டுகிறது. நம் பாட்டன் காலத்தில் ஒரு பிள்ளை விந்தி நடந்தால் "போன ஜென்மத்துப் பாவம்" என்றார்கள். தாய்க்குச் சத்து இல்லை, ஊரில் மருத்துவர் இல்லை, தடுப்பு மருந்து இல்லை என்பதையெல்லாம் அந்த ஒரு வார்த்தை மூடி மறைத்தது. கேள்வி கேட்க வேண்டியவன் வாயை அடைத்தது. இப்போது நாம் படித்துவிட்டோம், ஜென்மத்தை நம்புவதில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்கிறோம்? "சோம்பேறி", "வாயைக் கட்டத் தெரியாதவள்", "மனவுறுதி இல்லை". முன்பு பழி போன பிறவியின் மேல், இப்போது பழி பிள்ளையின் குணத்தின் மேல். இரண்டிலும் தப்பித்துக்கொள்பவர் ஒரே ஆள்தான். சோறு போட வேண்டியவர், திடல் அமைக்க வேண்டியவர், நேரம் ஒதுக்க வேண்டியவர். தலையெழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அதே நாற்காலியில் குணத்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தால், அதற்குப் பெயர் பகுத்தறிவா?

"கணக்குப் பரீட்சையில் தோற்றால் மட்டும் அவமானம் இல்லையா? வாழ்க்கை என்றால் போட்டிதானே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் கணக்கை முதலில் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் பரீட்சை வைக்கிறோம். வாய்பாடு, கூட்டல், கழித்தல், பின்னம் என்று படிப்படியாக ஏற்றுகிறோம். தோற்றால் விடைத்தாள் அந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது. அவன் எப்படிப் பிழை விட்டான் என்று கரும்பலகை முன்னால் நிமிடக் கணக்கில் நடித்துக் காட்டச் சொல்வதில்லை. கம்பியில் எழும்ப எந்த வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்? கம்பியைப் பிடித்துச் சும்மா தொங்கிப் பழகுவது, குதித்து மேலே போய் மெல்ல இறங்குவது, கீழே ஒருவர் தாங்கிக்கொள்ள ஏறுவது என்று அதற்கும் படிகள் உண்டு. பல வாரம் எடுக்கும். அந்த வாரங்களைப் பள்ளி தராது. சோதனை நாளை மட்டும் தரும். பாடம் நடத்தாமல் பரீட்சை வைக்கும் கணக்கு வாத்தியாரை நீங்கள் சும்மா விடுவீர்களா?

"அவமானம்தான் திருத்தும்" என்று இன்னொரு கட்சி உண்டு. அவர்களுக்கு ஆதாரத்தைத்தான் காட்ட வேண்டும். பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து உடல் நிறை எண்ணைக் கணக்கிட்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்பும் பழக்கம் அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் உண்டு. ஆர்கன்சா மாநிலம் 2003இலேயே அதற்குச் சட்டம் போட்டது. இதனால் பயன் உண்டா என்று கலிபோர்னியாவில் 79 பள்ளிகளில், சுமார் 29 ஆயிரம் பிள்ளைகளிடம் முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் எடை பார்த்துக் கடிதம் அனுப்பினார்கள். சிலவற்றில் எடை மட்டும் பார்த்தார்கள். சிலவற்றில் எடையே பார்க்கவில்லை. முடிவு 2021இல் வெளிவந்தது. கடிதம் போன வீட்டுப் பிள்ளைகளின் எடையில் மாற்றம் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் எடை மேல் அதிருப்திதான் கூடியிருந்தது. நியூயார்க்கில் இன்னொரு ஆய்வு: 'அதிக எடை' என்ற கோட்டுக்குச் சற்று மேலே விழுந்ததால் முத்திரை குத்தப்பட்ட பெண் பிள்ளைகளையும், சற்றுக் கீழே விழுந்து தப்பியவர்களையும் அடுத்த ஆண்டு ஒப்பிட்டார்கள். முத்திரை வாங்கியவர்கள் இளைக்கவில்லை. சொல்லப்போனால் இம்மியளவு கூடியிருந்தார்கள்.

மருந்து வேலை செய்யவில்லை, பக்கவிளைவு மட்டும் இருக்கிறது என்றால், யோசிக்கிற மனிதர் அந்த மருந்தை நிறுத்துவார். நாம் என்ன செய்கிறோம்? மாத்திரையை இரண்டாக்குகிறோம்.

ராணுவம் ராணுவம் என்கிறார்களே, அதே ராணுவக் கவலை இன்னொன்றையும் பெற்றெடுத்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது ஏராளமான இளைஞர்களை உடல் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரியாகச் சாப்பிட்டு வளராததும் அதற்கு ஒரு காரணம். போர் முடிந்ததும், 1946 ஜூனில், குடியரசுத் தலைவர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசப் பாதுகாப்புக்கான நடவடிக்கை என்றே சட்டம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. காரணம் எனக்குப் பிடிக்காததுதான். துப்பாக்கி தூக்கத்தான் பிள்ளைக்குச் சோறு என்பது என்ன நாகரிகம்? ஆனாலும் தட்டில் சோறு விழுந்தது. கிட்டத்தட்ட எண்பது ஆண்டாகக் கோடிக்கணக்கான பிள்ளைகள் உண்டிருக்கிறார்கள். பத்தாண்டு கழித்து அதே கவலை பெற்ற இரண்டாவது பிள்ளைதான் இந்தத் தேர்வு. முதலாவது, பெரியவர்களிடம் செலவு கேட்டது. இரண்டாவது, பிள்ளைகளிடம் கணக்குக் கேட்டது.

2025க்கு வாருங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க வேளாண் துறை, பள்ளிகள் உள்ளூர் விவசாயிகளிடம் காய்கறி, பழம், பால் வாங்குவதற்கென்று ஒதுக்கியிருந்த சுமார் 66 கோடி டாலர் திட்டத்தை ரத்து செய்தது. ஜூலை 4 அன்று ஏழைக் குடும்பங்களின் உணவு உதவியை வெட்டும் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது. அதே மாதம் கடைசி நாளில், உடற்தகுதித் தேர்வு ஆணை. தட்டை இழுத்துக்கொண்டு தராசை நீட்டுகிற கை ஒரே கைதான். இதைத் தற்செயல் என்பவருக்கு எண்ணத் தெரிகிறதா என்றுதான் முதலில் சோதிக்க வேண்டும்.

இடைப்பட்ட காலத்தில் நல்லது எதுவும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். டல்லாஸில் கூப்பர் நிறுவனம் 1982இல் உருவாக்கிய ஃபிட்னஸ்கிராம் என்ற முறை, யார் யாரை முந்தினார் என்று கேட்பதில்லை. இந்த வயதில் உடல்நலத்துக்கு இவ்வளவு போதும் என்று ஒரு வரம்பு வைக்கிறது. கலிபோர்னியா ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அதைத்தான் வைத்திருந்தது. பின்னர் உடற்பருமனை அளக்கும் பகுதியைக் கைவிட்டார்கள். எத்தனை பிள்ளைகள் கலந்துகொண்டார்கள் என்ற கணக்கோடு அரசு நிறுத்திக்கொள்கிறது. நல்ல திருத்தம். ஆனால் பாதித் திருத்தம். பிள்ளையின் மேல் இருந்த விரலை எடுத்தார்கள். அந்த விரலைத் திருப்ப வேண்டிய பக்கம் திருப்பவில்லையே? பள்ளிக்கு எத்தனை சதுர அடி திடல் இருக்கிறது, ஒரு உடற்கல்வி ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை நிமிடம் உண்மையிலேயே ஓடினார்கள் என்பதெல்லாம் அல்லவா பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டியது?

அமெரிக்காக்காரன் பாடு நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். இந்தியாவிலும் 2019 முதல் பள்ளிப் பிள்ளைகளை அளக்கும் ஏற்பாடு 'கேலோ இந்தியா', 'ஃபிட் இந்தியா' என்ற பெயர்களில் நடக்கிறது. உடல் நிறை எண், 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், காலை நீட்டித் தொடுதல், வயிற்றுப் பயிற்சி, தண்டால். விவரமெல்லாம் செயலியில் ஏறுகிறது. ஏறட்டும். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோகும் ஹீமோகுளோபின் குறைந்த ஒரு பெண்ணை 600 மீட்டர் ஓடச் சொல்லிக் கடிகாரத்தைப் பிடிக்கிறீர்கள். நானூறாவது மீட்டரில் அவளுக்குக் கண் இருட்டுகிறது. எதை அளந்தீர்கள்? அவள் முயற்சியையா, அவள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்பதையா? அன்றைக்கு அவளுக்கு மாதவிடாய் என்றால் அதை யாரிடம் சொல்வாள்? விசில் ஊதுகிற ஆண் மாஸ்டரிடமா?

சோற்றுக் கணக்கில் தமிழ்நாட்டுக்குத் தலை நிமிர உரிமை உண்டு. 1982இன் சத்துணவும் 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் தட்டை முதலில் வைத்தன. "சாப்பிட்டாயே, எத்தனை தண்டால் எடுப்பாய்?" என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் திடல் கணக்கில்? பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியட் காணாமல் போவது உங்களுக்குத் தெரியாதா? கணக்கு சார் வந்து "இந்த பீரியட் எனக்குக் கொடுங்க சார்" என்பார், பி.இ.டி. மாஸ்டரும் தலையாட்டிவிட்டு, விழா மேடைக்கு நாற்காலி எண்ணப் போய்விடுவார். கடன் வாங்கிய பீரியடை எந்த சாராவது திருப்பித் தந்ததுண்டா? அதைக் கேட்டு நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், நினைவிருக்கிறதா? "விளையாடிக் கெட்டுப் போகாமல் படிக்கிறான்" என்றீர்கள். அதே பிள்ளை கல்லூரிக்குப் போய் மூன்று மாடி ஏறியதும் மூச்சு வாங்கினால், "இந்தக் காலத்துப் பசங்க" என்று தொடங்குகிறீர்கள். உங்கள் சம்மதத்தோடு நடந்த திருட்டுக்குப் பிள்ளையின் மேல் வழக்குப் போடுகிறீர்கள்.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். அளக்கட்டும். தனியறையில், ஒருவர் பின் ஒருவராக, பார்வையாளர் இல்லாமல் அளக்கட்டும். சென்ற ஆண்டு நீ, இந்த ஆண்டு நீ என்று பிள்ளையை அவளோடு மட்டும் ஒப்பிடட்டும். இரத்தசோகை என்று தெரிந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்பட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையை "நீ ஓரமாக உட்கார்" என்று ஒதுக்காமல் அவனுக்குரிய பயிற்சியைக் கொடுக்கட்டும். ஊருக்குச் சொல்ல வேண்டிய எண் ஏதாவது இருந்தால், அது பள்ளியின் எண்ணாக, அரசின் எண்ணாக இருக்கட்டும்.

இதைக் கேட்க இடம் இருக்கிறது. அமெரிக்காவில் பிள்ளை படிக்கிறது என்றால், அங்கே பள்ளி வாரியக் கூட்டங்களில் பெற்றோர் எழுந்து பேசச் சில நிமிடம் ஒதுக்குவார்கள். பெயரைப் பதிந்துகொண்டு பேசலாம். இங்கே என்றால், கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, மதில் சுவர் இடிந்துவிட்டது என்றெல்லாம் அங்கே பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் ஆறாம் வகுப்புக்குக் கால அட்டவணைப்படி எத்தனை விளையாட்டு பீரியட், அதில் எத்தனை நடந்தது? வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தலைமையாசிரியர் பதில் சொன்னதும், அந்த எண்ணைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.